சிவநந்தினியின் நீலம்

பால் பொங்கி வழிந்தால் மற்றவர்கள் அடுப்பை அணைக்க ஓடுவார்கள். சிவநந்தினி அடுப்பைப் பார்க்க ஓடுவாள். "அணைச்சிராதீங்க, அணைச்சிராதீங்க!" என்று கத்திக்கொண்டே தோள்பைக்குள் கையை விட்டு ஒரு பழைய பற்பசைப் பெட்டியை உருவி எடுப்பாள். அதைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் பால் சொட்டி மஞ்சளாய்ச் சீறும் இடத்துக்கு நேரே முழங்காலை மடித்து நிற்பாள். யார் வீட்டு அடுப்பு, என்ன விசேஷம், உடுத்தியிருப்பது என்ன சேலை என்ற யோசனையெல்லாம் பிறகுதான். பால் கருகி வீடு முழுக்க நாறத் தொடங்கியதும் நிமிர்ந்து, "இங்கயும் வந்துட்டான்" என்பாள்.

"அண்ணே, அண்ணி பால் வாங்குறது குடிக்கவா, கொளுத்தவா?" என்று அவளுடைய நாத்தனார் ஒருமுறை கேட்டே விட்டாள். மாத்தளை பஸ் நிலையத்தருகே த்ரீவீல் ஓட்டும் விஜேந்திரன் மனைவியை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு நான் என்னா சட்டை போட்டிருந்தேன்னு இவளுக்கு ஞாபகமில்ல. குத்துவெளக்கு என்னா கலர்ல எரிஞ்சிச்சுன்னு கேளு, சொல்லுவா" என்றான்.

பெட்டி சிவநந்தினியே செய்தது. ஒரு முனையில் பிளேடால் கீறிய மெல்லிய பிளவு. மறுமுனையில் உடைந்த சீடி ஒன்றின் துண்டு, சாய்வாக. மேலே கண் வைக்க ஒரு துளை. அதன் வழியே மெழுகுவர்த்தியைப் பார்த்தால் உள்ளே வானவில் முழுதாய்ப் படுத்திருக்கும். உப்புப் பட்ட சுடரைப் பார்த்தால் ஒரு மஞ்சள் கோடு மட்டும் தூக்கலாய், பிளேடு காயம் மாதிரி நிற்கும். அது சோடியம். பாடப்புத்தகத்தில் அது ஒரு மூலகம். சிவநந்தினிக்கு அவன் ஓர் ஆள். அழைக்காத வீட்டுக்கெல்லாம் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிற ஆள்.

அவளுடைய தொழில் வாணம். ரத்தோட்டை ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு சரிவில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டவே நிற்கும் தகரக் கொட்டில்கள். ஒன்று எரிந்தால் மற்றது பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. கேட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கும். போனையெல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். நைலோன் சேலைக்கு அனுமதி இல்லை, பருத்தி மட்டும்தான். அங்கே அடுப்பு எரிகிற இடம் ஒன்றே ஒன்று. கேட்டை ஒட்டி, கொட்டில்களிலிருந்து தள்ளி நிற்கும் கஞ்சிக் கொட்டில். அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சும் அந்தக் கஞ்சிதான் அங்கே பசை. காகிதக் கூட்டை ஒட்டுவதும் அதுதான், வானத்தில் நிறமாய் வெடிக்கப்போகும் உருண்டைகளைப் பிடித்துவைப்பதும் அதுதான்.

உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் அவளுக்கு இரண்டாம் முறைதான் தேறியது. சுவாலைச் சோதனை என்ற பாடத்தை அவள் ஒரு சுவாலைகூடப் பார்க்காமல் மனப்பாடம் செய்தவள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அடுப்பு இருந்தது, கேஸ் இல்லை. பிறகு நீர்கொழும்புப் பக்கம் ஒரு வாணத் தொழிற்சாலையில் கிளார்க் வேலை கிடைத்துப் போனாள். போன முதல் வாரம் மாலையில், சோதனைக்கு ஏற்றிய வாணம் ஒன்று மேலே சிவப்பாய் விரிந்தது. அலுவலக வாசலில் நின்றவள் தன்னை மறந்து "ஸ்ட்ரொன்சியம்!" என்று கத்திவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ ஊர்க் கெட்ட வார்த்தை என்று நினைத்துச் சிரித்தார்கள். அடுத்தது பச்சை. "பேரியம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பரீட்சைக்காக விழுங்கிய வரிகள் எல்லாம் ஒவ்வொன்றாய் வானத்தில் எரிந்துகொண்டிருந்தன. சில வருடங்களில் வேலையைக் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தாள், மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு நடையாய் நடந்து லைசன் எடுத்தாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வெடி வேலை என்று அங்கே கேட்காத மேசை இல்லை. எல்லா மேசைக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "பார்த்துருவோம் சேர்."

"பார்த்துருவோம்" அவளுடைய சொல். மழை வந்தாலும், காகித விலை ஏறினாலும், மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டாலும் முதலில் வருவது அதுதான். சொல்லும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்வாள். அந்த உதடு வெளியே வரும்வரை அவளிடம் வேறு எதுவும் பேசிப் பயனில்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் வேலை செய்யும் பெண்கள் கேட்டபோது, பாடப்புத்தகத்தில் இருந்த வட்டங்களை அவள் வரைந்து காட்டவில்லை. பஸ்ஸைச் சொன்னாள்.

"அணுன்னா ஒரு மலை ரோடுன்னு வச்சிக்கங்க. இலத்திரன்னு ஒரு ஆள் கீழ நிக்கிறாரு. சூடு குடுத்தா மேல ஏறுவாரு. ஆனா நெனச்ச எடத்துல நிக்க முடியாது. ஹோல்ட்டுலதான் நிக்கலாம். ரெண்டு ஹோல்ட்டுக்கு நடுவுல பஸ் நிக்கவே நிக்காது. மேல போனவரு மறுபடி கீழ உள்ள ஹோல்ட்டுக்குக் குதிப்பாரு. குதிக்கிறப்ப ஏறுன சக்திய வெளிச்சமா வீசிட்டு வருவாரு. எவ்வளவு ஒசரத்துல இருந்து குதிக்கிறாரோ, அதுக்கேத்த கலர்."

"அப்ப எல்லாரும் ஒரே கலர்தானே வரணும்?" என்று கேட்டாள் ஷஸ்னா. டவுனிலிருந்து வந்து காகிதக் கூடு சுற்றுகிறவள் அவள்.

"ஒவ்வொரு அணுவுக்கும் வேற ரோடு, வேற ஹோல்ட்டு. சோடியத்துக்கு ஹோல்ட்டு பல இருக்கு, ஆனா கடைசில எல்லாம் வந்து குதிக்கிறது ஒரே எடத்துல இருந்துதான். எத்தன தரம் ஏத்தி விட்டாலும் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். அடிச்சாலும் வேற கலர் வராது."

மூலையில் உட்கார்ந்திருந்த பரிமளம் உருண்டை உருட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "எங்க எல்கடுவ பஸ்ஸு மாதிரி. எவ்வளவு கத்தினாலும் அவன் நிறுத்துற எடத்துலதான் நிறுத்துவான்."

"அதேதான்க்கா."

"அப்ப கண்டக்டர் யாரு?"

"சூடு."

"அவனுக்கும் மிச்சக் காசு குடுக்கிற பழக்கம் இல்லையா?"

சிவநந்தினி கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா. அரை டிக்கட்டும் இல்ல. முழுசாக் குடுத்தா ஏறலாம். குறைஞ்சா கீழயே நிக்கணும்."

பரிமளம் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஐம்பதைத் தாண்டியவள். சிவநந்தினியை "பிள்ள" என்று கூப்பிடுகிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. கஞ்சி காய்ச்சுவதும் நிற உருண்டை உருட்டுவதும் அவள் பொறுப்பு. அவள் உருட்டியது ஒன்று போல் ஒன்று இருக்கும். மற்றப் பெண்கள் முதலாளிக்குப் பயப்படுவதைவிடப் பரிமளத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

சிவப்பு, பச்சை, தங்கம், வெள்ளி எல்லாம் சிவநந்தினிக்கு வசப்பட்டுவிட்டன. வஹகோட்டைத் தேவாலயத் திருநாளுக்கும், ஊர்க் கோயில்களுக்கும் அவளுடைய வாணம்தான் போகிறது. தகராறு நீலத்தோடுதான். சென்ற மாசியில் அம்மன் கோயில் தேருக்கு, ஐந்து தேருக்கும் ஐந்து நிறம் வானத்தில் விட வேண்டும் என்று கோயில் சபை முடிவெடுத்தது. அம்மன் ஏறும் தேருக்கு நீலம். நான்கு நிறம் அழகாய் வந்தது. ஐந்தாவது வாணம் மேலே போய், சலவைக்குப் போடாத துணி மாதிரி மங்கலாய் விரிந்து உதிர்ந்தது. தேர் வடத்தைப் பிடித்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அம்மனுக்குச் சாம்பல் தூவுறாங்கப்பா!" என்றது. சிரிப்பு தேரோடு சேர்ந்து நகர்ந்தது.

சபையின் தலைவர் சண்முகராஜா, மெயின் வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். அடுத்த நாளே கூப்பிட்டனுப்பினார். "நீலம்னு சொன்ன நந்தினி. மேல போனது என்னோட பழைய வேட்டியில்ல?" என்றார். சபையில் பாதிப் பேர் நீர்கொழும்புக்காரர்களிடம் போய்விடலாம் என்கிறார்கள் என்பதையும் சொன்னார். "தைப்பொங்கல் கழிஞ்ச கிழமை மூணு நீலம் விட்டுக் காட்டு. வந்தா அஞ்சு தேரும் ஒனக்கு. வரலைன்னா அஞ்சும் அவங்களுக்கு. நீலத்துக்கு ஒரு ஆள், மத்ததுக்கு ஒரு ஆள்னு எனக்குப் பேசி முடியாது."

தேர் வேலைதான் அவளுடைய பட்டறைக்கு வருடத்தின் முதுகெலும்பு. அது போனால் பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சிவநந்தினி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நீலம் செம்பிலிருந்து வருகிறது. அது கூச்ச சுபாவம் உள்ள நிறம். சூடு கூடினால் ஓடிவிடும், குறைந்தால் வெளியே வராது. அந்தச் சூட்டை அவள் ஒரு வழியாகப் பிடித்துவிட்டாள். ஆனால் அப்படிப் பாடுபட்டு அழைத்துவந்த நீலத்தின் பக்கத்தில், பெட்டிக்குள், ஒவ்வொரு முறையும் அந்த மஞ்சள் கோடு நின்றது. சோடியம் துளி அளவு இருந்தாலே போதும். சத்தமாய்ப் பேசுகிறவன் பக்கத்தில் மெதுவாய்ப் பேசுகிறவன் கதைதான். அவன் எங்கிருந்து வருகிறான் என்று தேடுவதில் அந்த வருடத்து மழைக்காலம் முழுவதும் கழிந்தது.

முதலில் செம்பு உப்பைச் சந்தேகித்தாள். கம்பி நுனியில் தொட்டு வீட்டு கேஸ் அடுப்பில் காட்டினாள். சுத்தம். பிறகு தண்ணீர். பைப் தண்ணீரை விட்டுக் கிணற்றுத் தண்ணீர், கிணற்றை விட்டு மழைத் தண்ணீர். ரிவர்ஸ்டன் பக்கம் ஹயர் போன விஜேந்திரன், பயணிகள் பனிமூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓடைத் தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி வந்தான். "வெள்ளக்காரன் கேட்டான், மருந்துத் தண்ணியான்னு. ஆமா, பொண்டாட்டிக்குன்னு சொன்னேன்" என்றான். எந்தத் தண்ணீரிலும் குற்றமில்லை.

பிறகு காகிதம். ஜைனுதீன் நானாவின் கடைக்குப் போய் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டு கிழித்து, வாசலில் வைத்து லைட்டரைப் பற்ற வைத்தாள்.

"யா அல்லாஹ்! தங்கச்சி, என்ன இது? காகிதக் கடையில வந்து நெருப்பு வைக்கிறீங்க?"

"கலர் பார்க்கிறேன் நானா."

"பேப்பர்ட கலர எரிக்காம பார்க்க ஏலாதா? சும்மா கண்ணால பார்த்தா மண்ணிறம். நான் சொல்றன், நம்புங்க."

காகிதத்திலும் அவன் இல்லை. கடைசியில் வியர்வை. பெண்கள் எல்லாருக்கும் பருத்திக் கையுறை வந்தது. "இனி ஊசியும் போடச் சொல்லுவாங்க போல" என்று ஷஸ்னா முணுமுணுத்தாள். கையுறையோடு உருட்டிய உருண்டையிலும் அவன் இருந்தான். கொஞ்சம்கூட இளைக்காமல் இருந்தான்.

மார்கழியின் ஒரு காலை. எல்கடுவவில் தங்கை மகளுக்குச் சடங்கு என்று பரிமளம் லீவு. கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை. சிவநந்தினியே மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினாள். வெளியே தூறல். அவள் நினைவு முழுக்கச் சோதனை நாளில் இருந்தது. இடது கை துழாவிக்கொண்டிருந்தது. கஞ்சி கெட்டியாகிக் கொப்புளம் விடத் தொடங்கியதும், வலது கை தன்பாட்டில் மேலே போய், தட்டில் இருந்த பால்மா டின்னைத் திறந்து, ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டது. இரண்டாம் பிடிக்கு மறுபடி போனது. அந்த இரண்டாவது பிடியோடு கை பாதி வழியில் நின்றது.

உப்பு.

அவள் தன் கையையே பார்த்தாள். பிறகு டின்னைப் பார்த்தாள். வீட்டிலும் உப்பு இருப்பது இதே மாதிரி ஒரு டின்னில்தான். சோறு தின்னுகிற இடம் இது இல்லை. இங்கே உப்பு டின்னுக்கு என்ன வேலை? பானையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு தூறலில் வீட்டுக்கு ஓடினாள். கம்பி நுனியில் கஞ்சியைத் தொட்டுச் சுடரில் காட்டிப் பெட்டியைக் கண்ணில் வைத்தாள். அவன் நின்றான். அகலமாய், வீட்டுக்காரன் மாதிரி.

அரிசி மாவைச் சோதித்திருந்தாள். தண்ணீரைச் சோதித்திருந்தாள். இரண்டும் சேர்ந்து அடுப்பில் ஏறிய பிறகு சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கஞ்சிக்கு உப்புப் போடு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. போடாதே என்று சொன்னால்தான் கைக்குக் கேட்கும்.

மறுநாள் பரிமளம் சடங்கு வீட்டுப் பலகாரத்தோடு வந்தாள். முறுக்கைக் கையில் வாங்கியபடியே சிவநந்தினி கேட்டாள்.

"அக்கா, கஞ்சிக்கு உப்பு போடுறீங்களா?"

"போடாம?"

"இது தின்னுற கஞ்சி இல்லக்கா. ஒட்டுற கஞ்சி."

"நெருப்பு திங்கப் போறதுதானே?"

பரிமளம் பலகாரப் பையை மாடத்தில் வைத்துவிட்டு வந்து நின்றாள். "உப்பில்லாம காய்ச்சிறது செத்த வீட்டுக்கு பிள்ள. பேய்க்கு வைக்கிறதுலதான் உப்பு இருக்காது. இங்க போயி, இந்த எடத்துல, தெனமும் உப்பில்லாம காய்ச்சி வச்சா அதுக நமக்கு எல போட்ருக்குன்னு நெனச்சி வந்து உக்காந்துக்கும்."

பிறகு இடது கைச் சட்டையை மேலே இழுத்தாள். முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி, நீர் வற்றிய சேறு மாதிரி இருந்தது. அந்தத் தீயைச் சிவநந்தினி மறந்ததில்லை. சில வருடங்களுக்கு முந்திய ஒரு புரட்டாசி மாதம். உலர்த்தும் கொட்டில். உள்ளே நின்றவள் பரிமளம்.

"அன்னிக்கு டின்னுல உப்பு தீந்து போச்சி. ஒரு நாளைக்குத்தானேன்னு சும்மா காய்ச்சினேன். கஞ்சி ஆறல, கொட்டில் எரியுது. ஒன்கிட்ட சொல்லல. சொன்னா சிரிப்ப."

அந்தத் தீக்கு சிவநந்தினி கண்டுபிடித்த காரணம் நைலோன் சேலை உரசிப் பறந்த பொறி. அன்றைக்கே அவள் பருத்திச் சட்டம் போட்டாள். அதே நாளில், அதே தீயிலிருந்து, இன்னொரு சட்டமும் பிறந்து, அவளுக்குத் தெரியாமல் கஞ்சிக் கொட்டிலில் இத்தனை காலம் அமலில் இருந்திருக்கிறது.

சிவநந்தினி எல்லாரையும் வீட்டு கேஸ் அடுப்புக்குக் கூட்டிப் போய், பரிமளத்திடம் பெட்டியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். உப்புப் போட்ட கஞ்சி, போடாத கஞ்சி. பரிமளம் ஒரு கண்ணை மூடி நீண்ட நேரம் பார்த்தாள்.

"ஆமா. மஞ்சளா ஒருத்தன் நிக்கிறான். நீ சொல்றது நெசம்தான்." பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் சொல்றதும் நெசம்தான். உப்பில்லாத கஞ்சியில நான் கை வைக்க மாட்டேன். நீ வேற ஆள் பார்த்துக்க."

மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஷஸ்னாதான் வாயைத் திறந்தாள்: "பரிமளம் அக்கா இல்லாட்டி நானும் வரல்ல மிஸ். பயமா இருக்கு."

அன்று பட்டறையில் வேலை நடக்கவில்லை. சோதனைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. தானே காய்ச்சித் தானே உருட்டலாம். ஆனால் ஐந்து தேருக்கு ஒருத்தி உருட்டி முடியாது. பரிமளத்துக்குத் தெரியாமல் உப்பை மாற்றிவிடலாம் என்று விஜேந்திரன் சொன்னான். "என்னாத்த போட்டு ஏமாத்துறது? சீனியையா?" என்று அவள் சீறினாள். ஏமாற்றி எடுத்த நீலம் அவளுக்கு வேண்டாம். மிளகுக் கொடிகளுக்கு நடுவே உதட்டைக் கடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தாள். பொழுது சாயும்வரை நடந்தாள்.

காலையில் கேட்டிலேயே பரிமளத்தை மறித்தாள்.

"அக்கா, அந்த உப்பு யாருக்குப் போடுறது? பானைக்கா, நமக்கா?"

"பானைக்கு என்னா கேடு வரப்போகுது? நமக்குத்தான்."

"அப்ப நமக்கே போடுங்க. நாக்குல."

பரிமளம் இதைச் சந்தையில் மரக்கறியைத் திருப்பிப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையில ஒட்டுமே?"

"கரண்டியில எடுங்க. நாங்க வாயத் தொறக்கிறோம். நீங்க போட்டுட்டு சோப்பு போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க. உப்பு எங்க உள்ளுக்குப் போகட்டும். உருண்டைக்குள்ள போக வேணாம்."

பிறகு, "அப்ப நீயும் நாக்க நீட்டணும்" என்றாள் பரிமளம்.

"எனக்கு எதுக்குக்கா? நான் உருட்டுறதில்லையே."

சொல்லும்போது சிவநந்தினி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பரிமளம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அன்று முதல் கேட்டில், பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில், பெண்கள் வரிசையாய் நின்று நாக்கை நீட்டினார்கள். ஷஸ்னா முகத்தைச் சுளித்தாள். "பிஸ்மில்லாஹ் சொல்லிக்கிட்டு வாங்கட்டா அக்கா?" "எத வேணாலும் சொல்லு. துப்பாத" என்றாள் பரிமளம்.

சோதனைக்கு முந்தைய நாள் மழை பிடித்துக்கொண்டது. எல்கடுவ பஸ் மண் சரிவில் நின்றுவிட, பரிமளத்தால் மதியத்துக்குப் பிறகுதான் வர முடிந்தது. இரண்டு வாணத்துக்கு உருண்டை தயாராய் இருந்தது. மூன்றாவதைக் காலையிலேயே தொடங்காவிட்டால் உலராது என்று சிவநந்தினியே உட்கார்ந்து உருட்டினாள். அவசரத்தில் கையுறையைத் தேடவில்லை. தகரத்தின் கீழ் புழுக்கம். நெற்றியைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து உருட்டினாள்.

சோதனை நாள் மாலை. சுதுகங்கைக் கரையில் ஒரு வெறுந்திடல். மழை விட்டிருந்தது. சண்முகராஜா கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சபைக்காரர்கள் குடையை மடித்து ஊன்றிக்கொண்டு நின்றார்கள். இருட்டத் தொடங்கியதும் சிவநந்தினி முதல் திரியில் நெருப்பை வைத்துவிட்டுப் பின்னால் ஓடி வந்தாள். கையில் பற்பசைப் பெட்டி இருந்தது. கண்ணுக்கு உயர்த்தவில்லை.

மேலே போனது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மேகத்துக்கு அடியில் நீலம் திறந்தது. அடுப்புச் சுடரின் அடிப்பகுதியில் மட்டும் இருக்குமே, தொட முடியாத ஒரு நீலம், அது. ஆறு அதை வாங்கிக் கொஞ்சதூரம் கொண்டு போனது.

"ம்..." என்றார் சண்முகராஜா. "இது பட்டு."

இரண்டாவதும் பட்டு. சபைக்காரர் ஒருவர் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூன்றாவது மேலே போய் விரிந்தபோது நீலத்தின் மேல் வெளிறிய மஞ்சள் படிந்திருந்தது.

"இங்க பாரு, வேட்டி மறுபடி வந்திருச்சி" என்றார் சண்முகராஜா. கதிரையிலிருந்து எழுந்தார். "நந்தினி, தேர் அன்னிக்கு மூணுல ஒண்ணு இப்படிப் போனா, அம்மன் பொறுத்துக்கும். ஊர் பொறுக்காது."

"தேர் அன்னிக்கு வராதுங்க ஐயா."

"எப்படிச் சொல்ற?"

"எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். முன்னெல்லாம் தெரியாது. இப்ப தெரியும்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். உள்ளே போன கீழுதட்டைப் பார்த்தார். "ஹரி" என்று சிங்களத்தில் சம்மதித்தார். "அஞ்சையும் தொடங்கு."

திரும்பும்போது த்ரீவீலின் பின் இருக்கையில் சிவநந்தினியும் பரிமளமும். பாலம் தாண்டியதும் பரிமளம் திரும்பினாள்.

"மூணாவது யாரு உருட்டினது பிள்ள?"

முன்னால் விஜேந்திரன் ஒரு பாட்டை முனகத் தொடங்கினான்.

"நாந்தான்."

"உப்பு போட்டுக்கிட்டியா?"

"இல்லக்கா. அது வேற. அது வேர்வை. கையுறை போடல, முகத்தத் தொடச்ச கையால..."

"வேர்வையில என்னா இருக்கு?"

சிவநந்தினி வெளியே பார்த்தாள். கடைகளின் வெளிச்சம் நனைந்த ரோட்டில் நீண்டு கிடந்தது.

"உப்பு."

"அதானே. உள்ள போட வேண்டியத வெளிய போட்டிருக்க."

விஜேந்திரனின் பாட்டு சிரிப்பாய் உடைந்தது.

மறுநாள் காலை தேர் வேலை தொடங்கியது. பெண்கள் போனை பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வரிசையாய் நின்றார்கள். பரிமளம் ஒவ்வொருத்தியாய்க் கரண்டியைக் காட்டி அனுப்பினாள். ஷஸ்னா போன பிறகு உப்பு டின்னை மூடப் போனவள், எதிரே இன்னும் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தாள். சிவநந்தினி தோள்பையைக் கழற்றி வேலியில் மாட்டினாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், கண்ணை இறுக மூடி நாக்கை நீட்டினாள்.